கீழே ஒட்டிய பட்டன்

அன்புள்ள தம்பிக்கு,

பத்தமடைப் பாய் விற்க நீ செய்திருக்கும் பக்கத்தை என் போனில் பார்த்தேன். கோரையின் இழை தெரிகிற அளவுக்குப் படங்கள் துல்லியம். ஆனால் முகவரியைத் தட்டத் தொடங்கியதும் அடியில் இருந்த ‘ஆர்டர் செய்’ பட்டன் கீபோர்டுக்குப் பின்னால் போய்விட்டது. வாங்க வந்தவர் பட்டனைத் தேடிக்கொண்டா இருப்பார்?

‘பொசிஷன் ஃபிக்ஸ்டு’ என்று எழுதும்போது எதோடு ஒட்டச் சொல்கிறோம் என்று கேட்டுக்கொள். போன் பிரவுசரில் இரண்டு சட்டங்கள் உண்டு. பக்கத்தை அடுக்கப் பயன்படுவது லேஅவுட் வியூபோர்ட். அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் பகுதி விஷுவல் வியூபோர்ட். கீபோர்டு எழும்போது ஐபோன் சஃபாரியில் இரண்டாவது மட்டுமே சுருங்கும். உன் பட்டன் ஒட்டியிருப்பதோ முதலாவதில். ஆண்ட்ராய்டு குரோம் முன்பு இரண்டையுமே சுருக்கியது. 2022-இல் வந்த 108-ஆம் பதிப்பிலிருந்து அதுவும் சஃபாரி வழிக்கு வந்துவிட்டது. அதனால் பழைய குறிப்புகளை நம்பி இறங்காதே.

குரோமில் வியூபோர்ட் மெட்டா டேக்கில் ‘இன்டராக்டிவ்-விட்ஜெட்’ மதிப்பை ‘ரிசைசஸ்-கன்டென்ட்’ என்று வைத்தால் பழையபடி சுருங்கும். சஃபாரிக்கு விஷுவல்வியூபோர்ட் ஏபிஐயின் ரிசைஸ், ஸ்க்ரோல் ஈவென்ட்களைக் கவனித்து, உயரத்தையும் ‘ஆஃப்செட்டாப்’ மதிப்பையும் வைத்துக் கணக்கிட வேண்டும். இத்தனை பிக்சல் என்று குத்துமதிப்பாகப் போட்டுத் தூக்காதே. தமிழ்க் கீபோர்டின் பரிந்துரைப் பட்டையோடு சேர்த்து உயரம் போனுக்குப் போன் மாறும்.

இவ்வளவு சொன்னாலும், முகவரிப் படிவத்தில் பட்டனை ஒட்டவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கடைசிக் கட்டத்துக்குக் கீழே சாதாரணமாக வை. பாய்களைக் காட்டும் பக்கத்தில் மட்டும் ஒட்டியிருக்கட்டும்.

மேலே இருக்கும் மெனு ஸ்க்ரோலோடு ஓடுவது வேறு சங்கதி. படங்கள் நழுவி வருவதற்காக வெளிப்பெட்டிக்கு ‘டிரான்ஸ்ஃபார்ம்’ கொடுத்திருக்கிறாய். அப்படிக் கொடுத்தால் உள்ளே இருக்கும் ஃபிக்ஸ்டு உறுப்பு திரையை விட்டு அந்தப் பெட்டியோடு ஒட்டிக்கொள்ளும். இதில் பிரவுசர் மேல் பழி இல்லை, சிஎஸ்எஸ் விதியே அதுதான். மெனுவைப் பெட்டிக்கு வெளியே எடுத்துவிடு.

தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகத்தில் உட்கார்ந்து உலகத்துக்கே மென்பொருள் எழுதுகிறார்கள். புவிசார் குறியீடு பெற்ற நம் பாயின் பக்கம் ஏனோதானோவென்று இருக்கலாமா? கணினித் திரையைச் சுருக்கிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அம்மாவின் பழைய ஆண்ட்ராய்டில் முழு முகவரியையும் தமிழில் தட்டிப் பார். ஐபோனில் நான் பார்க்கிறேன்; திருத்தியதும் இணைப்பை அனுப்பு.

அன்புடன்,
அக்கா