தொலைவிலிருக்கும் மாணாக்கருக்குப் பாடம் நடத்தும் முறை

1966-ஆம் ஆண்டில் தோன்றிய மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் அஞ்சல் வழிக் கல்வியை ஆரம்பித்தபோது, உசிலம்பட்டியிலும் மேலூரிலும் திருமங்கலத்திலும் தொழில் பார்த்துக்கொண்டே பட்டம் பெற விரும்பியவர்களுக்கு ஒரு கதவு திறந்தது. இன்று காமராசர் பெயர் தாங்கி நிற்கும் அப்பல்கலைக்கழகத்திலேயே கல்விப் பல்லூடக ஆராய்ச்சி மையம் ஒன்று பாடங்களைக் காணொலியாகத் தயாரிக்கிறது. 2017-இல் மத்திய அரசு ஸ்வயம் தளத்தைத் தொடங்கியது. 2020 மார்ச் மாத ஊரடங்குக்குப் பின்னரோ, வகுப்பறையை விட்டு வெளியே பாடம் சொல்லாத கல்லூரி ஆசிரியர் அநேகமாக இல்லை. சாதனங்கள் இத்தனை மாறியும், அஞ்சல் வழியில் சேர்ந்து பாதியில் விட்டவர்களை விசாரித்தால், "எழுதி அனுப்பினேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை" என்னும் மனக்குறை அடிக்கடி காதில் விழுகிறது. ஆகையால் இங்கே சொல்லப்படும் கிரமம் முழுவதும், மாணாக்கர் அனுப்பும் ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர் தரும் மறுமொழியையே ஆதாரமாகக் கொண்டது.

முதற்பாடத்தை அனுப்புவதற்கு முன்னரே, படிப்பவர் யார் என்பதை விசாரித்து ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுதல் அவசியம். எந்த நேரத்தில் படிக்க இயலும், கைபேசி சொந்தமா வீட்டுக்குப் பொதுவா, வீட்டுக்குள் சிக்னல் கிடைக்குமா, படிப்பை விட்டு எத்தனை வருஷமாயிற்று, பள்ளியில் தமிழ் வழியா ஆங்கில வழியா என்ற ஐந்து கேள்விகள் போதும். விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடையில் நாள் முழுதும் நின்றுவிட்டு இரவில் வீடு திரும்பும் பெண்ணும், விடியுமுன்னே மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகை எடை போட வேண்டி மாலையிலேயே உறங்கப்போகும் இளைஞரும் ஒரே வகுப்பில் இருக்கக்கூடும் என்பதை உணர்ந்தால், மாலை ஆறு மணி வகுப்பு இருவருக்குமே பிரயோஜனமற்றது என்பது உடனே விளங்கும்.

அடுத்தபடியாகப் பருவம் முழுமைக்கும் ஒரு கால அட்டவணை தயாரித்து, முதல் வாரத்திலேயே எல்லோர் கையிலும் சேர்ப்பித்துவிட வேண்டும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்திலும், கடைக்காரர்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத தீபாவளிக்கு முந்தைய பதினைந்து நாட்களிலும், பெரியாறு–வைகைப் பாசன ஊர்களில் அறுவடை நடக்கும் காலத்திலும் அசைன்மெண்டுக்குக் கடைசித் தேதி வைக்கலாகாது. ஒரு தரம் அறிவித்த தேதியை மாற்றாதிருப்பதும் முக்கியம். வேலைக்கு நடுவே நேரம் ஒதுக்கிப் படிப்பவருக்கு, தேதி மாறுவதைப் போல் உற்சாகத்தைக் குலைப்பது வேறொன்றில்லை.

பாடம் எழுதும் விதத்தைப் பற்றி, தொலைநிலைக் கல்வியை ஆராய்ந்த ஸ்வீடன் தேசத்து அறிஞர் பெர்யே ஹோல்ம்பெரி வற்புறுத்திய கருத்து ஒன்று உண்டு: அச்சிட்ட பாடமானது ஆசிரியர் எதிரில் அமர்ந்து உரையாடுவது போல அமைய வேண்டும் என்பது. இதைக் கைக்கொள்ள விரும்புவோர், ஓர் அலகை அரைமணியில் படித்து முடிக்கத்தக்க பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் நடுவிலும் "இங்கே நிறுத்தி இதற்கு விடை எழுதிப் பாருங்கள்" என்று ஒரு வினாவை வைத்து, விடையை அடுத்த பக்கத்தில் விளக்கத்தோடு தருவாராக. ஒலியும் படமும் சேர்ப்பதில் சிக்கனம் நல்லது. பத்து நிமிஷக் குரற்பதிவு குறைந்த தரத்தில் இரண்டு மூன்று எம்.பி.யில் அடங்கிவிடும், அதுவே படமாகப் பதிவானால் ஐம்பது எம்.பி.யைத் தாண்டுவது சாதாரணம். தினசரி நெட் தீர்ந்துபோகுமே என்று அஞ்சுகிறவர் குரலைக் கேட்பார், படத்தைத் திறக்கமாட்டார்.

நேரலை வகுப்பு நாற்பது நிமிஷத்துக்கு மேற்பட வேண்டாம். புத்தகத்தில் உள்ளதை மறுபடி வாசிப்பதற்கு அந்த நேரத்தைச் செலவிடாமல், முன்னாளே வாங்கிவைத்த சந்தேகங்களைத் தெளிவிப்பதற்கே பயன்படுத்துக. கேமராவைத் திறக்கும்படி யாரையும் நிர்ப்பந்திக்கலாகாது என்பது எம்முடைய உறுதியான அபிப்பிராயம். ஒற்றை அறை வீட்டில், பின்னால் அம்மா சமைத்துக்கொண்டிருக்க, தம்பி தங்கையரை அதட்டிக்கொண்டு படிக்கும் பெண்ணின் கூச்சம் மதிக்கத்தக்கது.

இனி, யாவற்றிலும் பிரதானமான திருத்தும் வேலை. பி.காம். மாணாக்கர் ஒருவருக்குத் தேய்மானக் கணக்கு கொடுத்திருப்பதாகக் கொள்வோம்: செல்லூரில் ஒருவர் 1,00,000 ரூபாய்க்கு விசைத்தறி வாங்குகிறார், குறைந்து செல் மதிப்பு முறையில் ஆண்டுக்கு 10 சதவீதம் தேய்மானம். மூன்று ஆண்டுகளுக்கும் 10,000 ரூபாய் என்றே அவர் எழுதியிருந்தால், சிவப்பு மையால் குறுக்கே கோடிழுத்து மதிப்பெண்ணைக் குறைத்து அனுப்புவதால் அவர் கற்றுக்கொள்வது யாதுமில்லை. "முதல் ஆண்டு சரி. நீங்கள் செய்திருப்பது நேர்கோட்டு முறை. இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் தறியின் மதிப்பு என்ன? அந்தத் தொகைக்கு 10 சதவீதம் போட்டு எனக்கு எழுதுங்கள்" என்று நாலு வரி குறித்தால், 90,000-க்கு 9,000 என்றும், பிறகு 81,000-க்கு 8,100 என்றும் அவரே கண்டுபிடித்து அனுப்புவார். இவ்வாறு சரியானதை முதலிற் சொல்லி, பிழையின் காரணத்தைச் சுட்டி, திரும்பச் செய்யும்படி ஒரு காரியத்தைக் கொடுத்து, ஒரு வாரத்துக்குள் அனுப்பிவிடுதலே திருத்துதல் எனப்படும். நூறு பேருக்கு எழுதுவது எங்ஙனம் என்று மலைப்போர், முதலில் இருபது தாள்களைப் படித்துப் பார்ப்பாராக; பிழைகள் பெரும்பாலும் ஐந்தாறு வகைக்குள் அடங்கிவிடும். அவ்வவற்றுக்கு ஒரு குறிப்பைத் தயார் செய்து வைத்துக்கொண்டு, பெயர் சொல்லி விளித்து, அவரவர் தாளுக்குரிய ஒரு வரியைச் சேர்த்து அனுப்பலாம்.

சனி ஞாயிறுகளில் நடக்கும் நேர்முக வகுப்பாகிய காண்டாக்ட் கிளாஸுக்குப் பஸ் மாறி வருகிறவர்களை நாள் முழுதும் சொற்பொழிவு கேட்கச் செய்வது பெரும் வீண். அங்கே அருகருகே அமர்ந்து கணக்குப் போடவும், பழைய வினாத்தாளுக்கு விடையெழுதவும், ஒரே ஊர்ப் பக்கத்தவர் நாலைந்து பேர் சேர்ந்து படிக்கும் குழு அமைத்துக்கொள்ளவும் வழிசெய்தல் தகும்.

வாட்ஸ்அப் குரூப்பில் செய்தியைப் பார்த்தும் ஒன்றும் பேசாத, தொடர்ந்து இரண்டு அசைன்மெண்ட் அனுப்பாத மாணாக்கரைக் குரூப்பில் பலரறியப் பெயர் குறிப்பிட்டுக் கண்டிக்கலாகாது. அவர் சௌகரியப்படும் நேரம் நோட்டில் இருக்கிறது. அந்த நேரத்தில் போன் செய்து, வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்டு, விடுபட்டவற்றில் எது எளிதோ அது ஒன்றை மட்டும் இந்த வாரம் அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் மறுநாளே திருத்தி அனுப்புங்கள்.