பாகத்தை மாற்றும் முன்: டீசல் வண்டி கிளம்பாதபோதும் இழுக்காதபோதும்

டீசல் வண்டி காலையில் கிளம்ப மறுத்தால் பெரும்பாலும் நடப்பது பாகம் மாற்றும் படலம்தான். முதலில் பேட்டரி, அடுத்து டீசல் ஃபில்டர், அதற்கும் மசியவில்லை என்றால் இன்ஜெக்டர், கடைசியில் பம்ப். ஒவ்வொன்றாக மாற்றி செல்ஃப் அடித்துப் பார்த்து, வண்டி ஓடிவிட்டால் ‘அதுதான் கோளாறு’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பார்க்கச் சோதனை மாதிரி இருக்கும்; ஆனால் இது சோதனை இல்லை. ஃபில்டரை மாற்றுகிறவர் கூடவே இரண்டு ஹோஸ்களைக் கழற்றி மாட்டுகிறார், கிளிப்பை இறுக்குகிறார், கைப்பம்ப் அடித்து லைனில் பிடித்திருந்த ஏரையும் எடுத்துவிடுகிறார். வண்டி கிளம்பியது புது ஃபில்டராலா, இறுகிய கிளிப்பாலா, ஏர் போனதாலா என்று அதற்குப் பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஏர் போனதால்தான் என்றால், அது உள்ளே நுழைந்த ஓட்டை அப்படியே இருக்கிறது. சில நாளில் வண்டி வேறோர் இடத்தில் நிற்கும். ஆகவே ஓர் அளவோ, கண்ணால் காணும் சாட்சியோ ஒரு பாகத்தைச் சுட்டிக்காட்டும் வரை அதில் ஸ்பேனர் வைக்கக் கூடாது. செலவில்லாத சோதனை முதலில், இன்ஜினைப் பிரிக்க வேண்டியது கடைசியில்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சோதனைகளின் வரிசையை அதுவே தீர்மானிக்கிறது. சிலிண்டருக்குள் காற்றை 16 முதல் 22 மடங்கு வரை நெருக்கும்போது அதன் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. டீசல் தானாகப் பற்றிக்கொள்ளச் சுமார் 210 டிகிரி போதும். இடைவெளி தாராளமாகத் தெரியலாம். ஆனால் இன்ஜின் மெதுவாகச் சுற்றினால், நெருக்கிய காற்று ரிங் வழியே கசிவதற்கும் அதன் சூடு குளிர்ந்த சிலிண்டர் சுவரில் இறங்குவதற்கும் நேரம் கிடைத்துவிடுகிறது. ஆக, வண்டி கிளம்ப மூன்று வேண்டும்: சுற்றும் வேகம், நெருக்கத்தில் பிறக்கும் சூடு, உரிய நேரத்தில் உரிய அழுத்தத்தோடு வரும் டீசல். இதில் எது இல்லை என்பதே முதல் கேள்வி.

வேகத்தைக் காதாலேயே பாதி கண்டுபிடிக்கலாம். செல்ஃப் அடிக்கும்போது சத்தம் சீரான தாளத்தில் வர வேண்டும். முக்கி முனகினால் மின்சாரம் போதவில்லை. ஒரு துடிப்பு மட்டும் லேசாக விழுந்தால் ஏதோ ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் இறங்கியிருக்கிறது. வழக்கத்தைவிட லேசாக, எதிர்ப்பே இல்லாமல் சரசரவென்று சுற்றினால் உடனே கையை எடுங்கள். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம், மேலும் சுற்றினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். முனகுகிற வண்டிக்கு நேராகப் புது பேட்டரி வாங்கப் போக வேண்டாம். இரவு முழுக்க நின்ற வண்டியில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி சோர்ந்துவிட்டது, அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. பேட்டரியில் பத்து வோல்ட்டுக்கு மேல் நின்றும் இன்ஜின் முக்குகிறதா? இப்போது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் முனையிலேயே வையுங்கள், அதைக் கவ்வும் கிளாம்ப் மேல் அல்ல. இன்னொரு முனையைப் பெயின்ட் இல்லாத இன்ஜின் உலோகத்தில் அழுத்திப் பிடித்து, வேறொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயரில்தான் மின்சாரம் தொலைகிறது. துருப்பிடித்த ஒரு போல்ட்டைச் சுரண்டி இறுக்கினால் முடிகிற வேலைக்குப் பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் மாற்றிய வண்டிகளுக்குக் கணக்கில்லை.

சுற்றும் வேகம் சரி, ஆனாலும் பற்றவில்லை என்றால் சைலன்சர் பக்கம் ஒருவரை நிறுத்துங்கள். எல்லாச் சோதனைகளிலும் அதிகம் சொல்வது இதுதான், காசும் இல்லை. செல்ஃப் அடிக்கும்போது வெண்புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, எரியவில்லை. புகையே இல்லை என்றால் டீசலே போகவில்லை. இரண்டும் வேறு வேறு பாதைகள். புகை வரும் வண்டியில் ஃபில்டரை மாற்றுவதும், புகை வராத வண்டியில் சிலிண்டரைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக்கை மாற்றுவதும் ஒன்றுபோல வீண்.

புகை இல்லாத வண்டிக்கு முதலில் திருட்டுத் தடுப்பான இம்மொபிலைசரின் விளக்கைப் பாருங்கள், பிறகு டேங்க் மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே பாய்ந்தால் டேங்கின் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறது. அடுத்து ஃபில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, கண்ணாடி பாட்டிலில் ஒரு டம்ளர் அளவு பிடித்துச் சற்று நேரம் வைத்துவிடுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும், நடுவே கோடு போட்டது போலத் தெரியும். தண்ணீர் இல்லையென்றால் ஏரைத் தேட வேண்டும். ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகும் குறைந்த அழுத்த ஹோஸுக்குப் பதிலாக, அதே விட்டத்தில் டீசல் தாங்கும் தெளிவான பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாக மாட்டி செல்ஃப் அடித்தால், உள்ளே ஓடும் குமிழிகள் கண்ணெதிரே தெரியும். தொடர்ந்து குமிழி வருகிறது என்றால் டேங்குக்கும் அந்தக் குழாய்க்கும் இடையில் எங்கோ காற்று நுழைகிறது. அங்கே டீசல் வெளியே சொட்டாமலும் இருக்கலாம். பம்ப் உறிஞ்சும் லைனில் ஓட்டை வழியே காற்று உள்ளே போகுமே தவிர, டீசல் வெளியே வராது. காய்ந்து வெடித்த ஹோஸ், ஃபில்டர் மேலுள்ள ஓ-ரிங், கைப்பம்பின் வால்வு ஆகிய மூன்றையும் முதலில் சந்தேகியுங்கள்.

‘இப்போதெல்லாம் ஸ்கேனர் இருக்கிறதே, இவ்வளவு பாடு எதற்கு?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாய் (ரயில்) டீசல் தரும் காமன் ரயில் வண்டியில் ஸ்கேனர் இல்லாமல் வேலை செய்வதை யாரும் பரிந்துரைக்க மாட்டார்கள். ஆனால் ஸ்கேனர் காட்டும் கோளாறுக் கோடு (code) தீர்ப்பு அல்ல, புகார் மனு. பி0087 என்று வந்தால் ரயிலில் அழுத்தம் குறைவு என்பது மட்டுமே பொருள். அடைத்த ஃபில்டர், ஏர், தேய்ந்த பம்ப், ஒழுகும் இன்ஜெக்டர், ஒட்டிக்கொண்ட ரெகுலேட்டர், பொய் சொல்லும் சென்சார் எல்லாமே அந்தக் கோடைக் கொண்டுவரும். ஸ்கேனரின் உண்மையான பயன் ஓட்ட நேர அளவுகளில் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். பூஜ்யமாகவே நின்றால் கிராங்க் சென்சாரைப் பாருங்கள். ரயில் அழுத்தத்தையும் பாருங்கள். வண்டிக்கு வண்டி மாறினாலும், ஏறத்தாழ 150 முதல் 250 பார் எட்டும் வரை இன்ஜினின் கணினியான ஈசியு இன்ஜெக்டரைத் திறக்கவே திறக்காது. அழுத்தம் ஏறவில்லை, லைனில் ஏரும் இல்லை என்றால் ஒவ்வோர் இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனிச் சிறு பாட்டிலில் விட்டு செல்ஃப் அடியுங்கள். மற்றவற்றைவிட வேகமாக நிறைகிற பாட்டிலுக்குரிய இன்ஜெக்டர்தான் அழுத்தத்தைத் தின்கிறது. நான்கையும் மாற்றச் சொல்லும் இடத்தில் இந்தப் பாட்டில்களைக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய பம்ப் வண்டிகளில் ஒவ்வோர் இன்ஜெக்டர் பைப் நட்டையும் தளர்த்தி எந்தச் சிலிண்டர் மிஸ்ஸிங் என்று பார்ப்பது வழக்கம். அந்தக் காலத்துக்கு அது சரியான சோதனைதான். ஓடும் காமன் ரயில் வண்டியில் அதைச் செய்யவே கூடாது. 1,600 பாருக்கு மேல் போகக்கூடிய அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். ஊசி குத்தியது போல்தான் தெரியும்; உள்ளே திசு அழுகத் தொடங்கும், உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும்.

வெண்புகை வந்தும் பற்றாத வண்டிக்குச் சூடுதான் குறை. ஹீட்டர் பிளக்கின் ஒயரைக் கழற்றி, பிளக் முனைக்கும் இன்ஜினுக்கும் இடையே ஓம் அளவு பாருங்கள். நல்ல பிளக் ஒன்றிரண்டு ஓமுக்குள் காட்டும். அறுந்தது எல்லையற்றதாகக் காட்டும். டாஷ்போர்டில் சுருள் விளக்கு எரிந்து அணைவது பிளக் வேலை செய்வதற்குச் சாட்சி ஆகாது. சமவெளியில் ஓடும் நேரடி இன்ஜெக்‌ஷன் வண்டி பிளக் இல்லாமலும் பெரும்பாலும் கிளம்பிவிடும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ டிசம்பர் காலையில் அது நடக்காது. குட்டி யானை என்று அழைக்கப்படும் பழைய டாட்டா ஏஸ் போல முன்னறை வைத்த இன்ஜின்களுக்குப் பிளக் இன்னும் அவசியம். அவசரத்துக்கு ஈதர் ஸ்பிரே அடிப்பவர்கள் உண்டு. ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும்போது ஈதர் காலத்துக்கு முன்பே வெடித்து பிஸ்டனை உடைக்கும். அதைவிட, கிளம்பிவிட்டால் எது குறை என்பதையும் மறைத்துவிடும்.

காலையில் ஒழுங்காகக் கிளம்பி, சூடேறி நிறுத்தியபின் கிளம்பாத வண்டி தனி ரகம். இதில் சந்தேகம் சூட்டில் சொதப்பும் கிராங்க் சென்சார் மீதும், பழைய ரோட்டரி பம்பின் தேய்ந்த ஹெட் மீதும் விழும். சூடான டீசல் நீர்த்துப்போய் அந்தத் தேய்மானத்தின் வழியே கசிந்துவிடுகிறது. ஈரத் துணியைப் பம்ப் மேல் போட்டு ஆற விட்டதும் கிளம்பினால் பம்ப்தான். தண்ணீரை நேராக ஊற்ற வேண்டாம், பம்ப் இறுகிவிடும்.

இழுக்காத வண்டிக்கும் இதே முறைதான். ஆனால் இன்ஜினைத் தொடுமுன் அது இன்ஜின் கோளாறுதானா என்று பாருங்கள். மேட்டில் நாலாவது கியரில் மிதிக்கும்போது ஆர்.பி.எம். எகிறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டியும் ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் இல்லை என்றால் மறுபடி புகையைக் கேளுங்கள். கரும்புகையோடு பிக்கப் குறைந்தால் காற்று போதவில்லை: ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ், எரிந்த புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்குத் திருப்பும் இ.ஜி.ஆர். வால்வு கரி படிந்து திறந்தபடி நிற்பது. ஹோஸ் இணைப்பைச் சுற்றிப் புதிய எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வெடிப்பு அங்கேதான். பல டர்போக்கள் இந்த வெடிப்புக்காகவே பலியாகின்றன. புகையே இல்லாமல் மேட்டில் மட்டும் திணறினால் டீசல் போதவில்லை, அல்லது ஈசியு தானே சக்தியைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. இ.ஜி.ஆரைத் தகடு வைத்து அடைத்துவிடுவது மாசு விதிக்கு முரண். கரி ஏன் படிந்தது என்ற கேள்விக்கு அது பதிலும் இல்லை.

2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ். 6 மாசு விதி வண்டிகளில் டி.பி.எஃப். என்ற புகை வடிகட்டி கரியைப் பிடித்துவைப்பதால் புகையை நம்ப முடியாது என்ற ஆட்சேபம் உண்மை. சாட்சி மாறுகிறது, கேள்வி மாறவில்லை. வேண்டிய பூஸ்ட்டும் (டர்போ தரும் காற்றழுத்தம்) கிடைக்கும் பூஸ்ட்டும், வேண்டிய ரயில் அழுத்தமும் கிடைக்கும் அழுத்தமும் ஸ்கேனரில் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். மேட்டில் எது பிந்துகிறது என்று பாருங்கள். கூடவே டிப்ஸ்டிக்கையும் பாருங்கள். டி.பி.எஃப். கரியை எரிக்கச் சுமார் 600 டிகிரி வேண்டும். குறுகிய தூரமே ஓடும் வண்டியில் அந்த எரிப்பு பாதியில் நின்று போய், அதற்காகச் செலுத்திய டீசல் ஆயிலில் இறங்குகிறது. ஆயில் அளவு ஏறிக்கொண்டே போவது குறைவதைவிட மோசம்.

பட்டறைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. சோதனைக்கு யாரும் கூலி தருவதில்லை, மாற்றிய பாகத்துக்குத்தான் பில் கேட்கிறார்கள். அந்தக் கூலியைத் தரச் சம்மதியுங்கள், தேவையற்ற ஓர் இன்ஜெக்டரின் விலையில் அது சிறு பங்குதான். கம்ப்ரஷன் சோதனையை இவை எல்லாம் முடிந்தபின் கேளுங்கள். அதற்கு டீசலுக்குரிய கேஜ் வேண்டும். பெட்ரோல் கேஜ் இந்த அழுத்தத்தைத் தாங்காது. எல்லாச் சிலிண்டரிலும் ஒரே மாதிரி இறங்கி, ஆயில் மூடியைத் திறந்தால் ஆவி பலமாக அடித்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஒன்றில் மட்டும் குறைந்தால் வால்வைச் சந்தேகிக்கலாம். அடுத்தடுத்த இரண்டில் மட்டும் குறைந்தால், இன்ஜினை முழுதாகப் பிரிக்கச் சொல்லுமுன் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.