பொலிசாரை மேற்பார்வை செய்வது யார்? – தேசிய பொலிஸ் ஆணைக்குழு



குடியியற் கல்வி வினாத்தாளில் சுயாதீன ஆணைக்குழுக்கள் பற்றிய வினாவுக்குப் பலர் பெயரை மட்டும் எழுதிப் புள்ளிகளை இழக்கின்றனர். ஓர் ஆணைக்குழு ஏன் தேவைப்பட்டது என்பதை விளங்கிக்கொண்டால் ஆண்டுகள் தாமாகவே மனதிற் பதியும்.

1. ஏன் மேற்பார்வை தேவை?

பொலிஸ் உத்தியோகத்தருக்குக் கைது செய்யவும், தடுத்து வைக்கவும், சோதனையிடவும் அதிகாரம் உண்டு. சாதாரண மனிதருக்கு இந்தளவு அதிகாரம் இல்லை. எனவே அதைத் தவறாகப் பயன்படுத்தினால் கேட்பதற்குப் பொலிசுக்கு வெளியே ஒருவர் இருக்க வேண்டும்.

நமது பொலிஸ் சேவை 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின்படி அமைந்தது. அது பிரித்தானியர் ஆட்சியைக் காக்க எழுதப்பட்ட சட்டம். சில நாடுகளில் நகரத்துக்கு நகரம் தனிப் பொலிஸ் உண்டு. அங்கே நகர மக்களின் பிரதிநிதிகள் அதை மேற்பார்வை செய்வர். இலங்கையில் கொழும்புக்கும் நல்லதண்ணிக்கும் ஒரே பொலிஸ் சேவைதான். ஆகவே மேற்பார்வையும் தேசிய மட்டத்தில் அமைய வேண்டியதாயிற்று.

சுதந்திரத்தின் பின் இடமாற்றம், பதவி உயர்வு ஆகியவற்றில் அரசியல் தலையீடு பெருகியது. அரசியல்வாதியின் சொல்லைக் கேளாத அதிகாரி தூர இடத்துக்கு மாற்றப்படுவார் என்றால், அவர் சட்டத்துக்குப் பயப்படுவாரா, அரசியல்வாதிக்குப் பயப்படுவாரா? இதற்குப் பரிகாரமாகவே ஆணைக்குழு வந்தது.

2. வரலாறு (ஆண்டுகளை மனனம் செய்க)

• 2001 – 17ஆவது திருத்தம். தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு ஏற்பாடு.
• 2002 – முதலாவது ஆணைக்குழு நியமனம்.
• 2010 – 18ஆவது திருத்தம். நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று அதிகாரங்கள் அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்குச் சென்றன. பொதுமக்கள் முறைப்பாடு மட்டும் எஞ்சியது.
• 2015 – 19ஆவது திருத்தம். அதிகாரங்கள் மீண்டும் கிடைத்தன.
• 2020 – 20ஆவது திருத்தம். உறுப்பினரை நியமிப்பதில் ஜனாதிபதியின் கை மீண்டும் ஓங்கியது.
• 2022 – 21ஆவது திருத்தம். அரசியலமைப்புப் பேரவையின் சிபாரிசுடனேயே நியமனம்.

3. அமைப்பும் பணிகளும்

உறுப்பினர் 7 பேர். பதவிக்காலம் 3 ஆண்டுகள். பொலிஸ் மா அதிபர் தவிர்ந்த ஏனைய உத்தியோகத்தர்களின் நியமனம், பதவி உயர்வு, இடமாற்றம், ஒழுக்காற்றுக் கட்டுப்பாடு, பணிநீக்கம் ஆகியன இதன் பொறுப்பு. உத்தியோகத்தருக்கு எதிரான பொதுமக்கள் முறைப்பாடுகளை ஏற்று விசாரிப்பதும் இதன் கடமை.

பொலிஸ் மா அதிபரை நீக்குவது வேறு வழி: 2002ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம். இதன்கீழ் 2025 ஆகஸ்ட் 5ஆம் திகதி பாராளுமன்றம் 177 வாக்குகளால் தேசபந்து தென்னகோனைப் பதவி நீக்கியது.

குறைபாடு ஒன்றையும் எழுதுங்கள்: ஆணைக்குழு தன் அதிகாரங்களிற் சிலவற்றைப் பொலிஸ் மா அதிபரிடமே ஒப்படைக்க அரசியலமைப்பு இடமளிக்கிறது. அவ்வாறு செய்தால் மேற்பார்வை பலவீனமாகும். இந்தியாவில் 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் மாநிலம், மாவட்டம் என இரு மட்டங்களிலும் பொலிசுக்கு எதிரான முறைப்பாட்டு அதிகாரசபைகளை அமைக்கும்படி பணித்தது. ஒப்பிட்டு எழுத இது உதவும்.

4. இது நமக்கு எதற்கு?

சில ஆண்டுகளுக்கு முன் என் தந்தையாருடன் ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். அவர் தமிழில் சொன்னார். அவர்கள் சிங்களத்தில் எழுதினார்கள். வாசித்துக் காட்டாமலே ஒப்பமிடச் சொன்னார்கள். ஐம்பது வருடம் கொழுந்து நிறுத்த மனிதர், எதில் ஒப்பமிடுகிறோம் என்று கேட்கத் தயங்கினார். நான் கேட்டேன். அதன் பின்னரே தமிழில் விளக்கினார்கள். லயத்தில் பலர் தலைவரில்லாமல் பொலிசுக்குப் போவதில்லை. இந்தப் பயம் அறியாமையால் வருவது. ஆகவே பின்வருவனவற்றை அறிந்திருங்கள்:

(அ) அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயப்படி தமிழும் அரச கரும மொழி.
(ஆ) கைதின்போது காரணம் அறிவிக்கப்பட வேண்டும் (உறுப்புரை 13).
(இ) சித்திரவதை எக்காரணத்தாலும் ஆகாது (உறுப்புரை 11).
(ஈ) அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம் (உறுப்புரை 126). அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் கணக்கிற் சேராது.

5. மாதிரி வினா

பொலிஸ் ஆணைக்குழு சுயாதீனமாக இருப்பதன் பயன்கள் இரண்டு தருக. (4 புள்ளிகள்)

விடை: (i) அரசியல் தலையீடின்றி உத்தியோகத்தர் சட்டப்படி கடமையாற்றலாம். (ii) பொதுமக்கள் தமது முறைப்பாட்டைப் பொலிஸ் நிலையத்துக்கு வெளியே உள்ள ஓர் அமைப்பிடம் சமர்ப்பிக்கலாம்.

பரீட்சைக்கு மனனம் செய்யும் நான்காம் பகுதியை இன்றிரவு வீட்டில் அம்மா, அப்பாவுக்கும் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். புள்ளி உங்களுக்கு, பயன் அவர்களுக்கு.