கழுத்து ஊசியில் தூக்க மருந்தா?

பைக்கிலிருந்து விழுந்து தோள்பட்டை முறிந்தால் எரியோட்டுக்காரர்களுக்குப் போக்கிடம் பெரும்பாலும் திண்டுக்கல்தான். ஆபரேஷனுக்கு முன் மயக்க டாக்டர் கழுத்தோரம் ஒரு ஊசி போடுவார் என்று தெரிந்ததுமே சொந்தபந்தம் ஆளுக்கொரு கதை கட்டும். “அதுல தூக்க மருந்தையும் கலக்குறாங்களாம் மாமா, நெனவு திரும்புறதே கஷ்டமாம்.”

தூக்க மருந்து கலப்பதுண்டு. நினைவு திரும்பாது என்பதுதான் புளுகு.

தோளுக்கும் கைக்கும் போகும் நரம்புகள் கழுத்தில் இரண்டு தசைகளுக்கு நடுவே இறங்குகின்றன. அல்ட்ராசவுண்ட் திரையில் கறுப்பு வட்டங்களாக ஒன்றன்கீழ் ஒன்று தெரியும். ஊசிமுனையை அவற்றருகே கொண்டுபோய் பியூபிவகெயினோ ரோபிவகெயினோ விடுவார்கள். கொஞ்ச நேரத்தில் தோள் மரத்துவிடும். இந்த மருந்து தனியாக அரை நாள் தாங்கினாலே பெரிது. காலையில் ஆபரேஷன் என்றால் நடுராத்திரிக்குள் வலி பிடித்துக்கொள்ளும். அதைத் தள்ளிப்போடத்தான் டெக்ஸ்மெடிடோமிடின் என்ற தூக்க மருந்தைச் சேர்க்கிறார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியை அமைதியாக வைத்திருக்க 1999-ல் அமெரிக்கா அனுமதித்த மருந்து இது. நரம்பருகே போடுவது அந்த அனுமதியில் இல்லை. ஆய்வுகளை நம்பி டாக்டர்கள் கைக்கொண்ட வழக்கம். நோயாளியிடம் இதைச் சொல்லிவிட்டுப் போடுவதே முறை என்பது என் கட்சி. 32 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2017-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில், மரத்திருக்கும் நேரம் பாதிக்கு மேல் கூடியிருந்தது. 50 முதல் 60 மைக்ரோகிராம் போதும் என்றது அது.

ரத்தத்தில் ஏறித் தூங்கவைப்பதால்தான் வலி தெரிவதில்லை என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். 2013-ல் வியன்னாவில் தன்னார்வலர்களுக்கு 20 மைக்ரோகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். நரம்பருகே போட்டவர்களுக்கு மரப்பு நன்றாக நீண்டது. அதே அளவை ரத்தக்குழாயில் ஏற்றியவர்களுக்குக் கொஞ்சம்தான். ஒரு சேதி அனுப்பிய நரம்பு அடுத்ததற்குத் தயாராக ஒரு மின்னோட்டம் உதவுகிறது. இந்த மருந்து அங்கேயே அதை அடக்குகிறது. ரத்தத்தில் கலக்கும் பங்கினால் கண் செருகும், அவ்வளவே. பேர் சொல்லிக் கூப்பிட்டால் விழிப்பார்.

“கழுத்து ஊசி பலிக்கல, அதான் முழு மயக்கமும் குடுத்தாங்க” என்பதும் தப்பு. தோள் ஆபரேஷனில் இரண்டையும் சேர்த்தே கொடுப்பது சகஜம்.

ஊசி போட்ட பக்கம் இமை தொங்கி, குரல் கரகரத்தால், பக்கவாதம் என்று பதறுகிறார்கள். மருந்து பக்கத்து நரம்புகளுக்கும் பரவுவதால் வருவது அது. மரப்பு இறங்கும்போது தானே சரியாகும். டாக்டரிடம் காட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது.

மருந்து கூடினால் நிம்மதி கூடும் என்ற எண்ணம்தான் ஆபத்தானது. டெக்ஸ்மெடிடோமிடின் நாடித்துடிப்பைக் குறைக்கும், ரத்த அழுத்தத்தை இறக்கும். தோள் ஆபரேஷனைப் பலபோது நோயாளியைச் சாய்த்து உட்காரவைத்துச் செய்வதால், கழுத்து ஊசியோடு நாடி திடீரென்று விழுவது ஏற்கெனவே அறிந்த சிக்கல். அட்டெனலால், மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறவருக்கு நாடி முன்பே குறைவாக இருக்கும். “பிரஷர் மாத்திரை, வெள்ளையா சின்னதா இருக்கும்” என்று சொல்லிப் பயனில்லை. மாத்திரை அட்டையையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வேடசந்தூர் வட்டாரத்து ஸ்பின்னிங் மில்களில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்து வேலை பார்த்தவர்கள் மூச்சுத்திணறல் இருந்தால் அதையும் சொல்லவேண்டும். வழக்கமான அளவில் போடும் கழுத்து ஊசி அந்தப் பக்கத்து உதரவிதானத்தையும் அநேகமாக முடக்கிவிடும். நல்ல நுரையீரலுக்கு அது தெரியவே தெரியாது. மூச்சுத்திணறல் உள்ளவருக்குத் தெரியும். மரப்பு நீண்டால் அந்த அவஸ்தையும் நீளலாம். முன்பே சொன்னால் மருந்தளவையோ ஊசி போடும் இடத்தையோ மாற்றிக்கொள்வார்கள்.

தூக்க மருந்துகள் எல்லாமே ஒன்று என்பாரும் உண்டு. மிடசோலாமும் தூக்க மருந்துதான். ஆனால் ஆய்வுக்கூடத்தில் எலியின் நரம்புச் செல்களைக் கெடுத்ததால், நரம்பருகே போடப் பலர் தயங்குகிறார்கள். தூக்கம் தராத டெக்ஸாமெத்தசோன் மரப்பை டெக்ஸ்மெடிடோமிடினைவிடவும் நீட்டவல்லது, சர்க்கரையைத்தான் கொஞ்சம் ஏற்றும்.

வார்டில் ராத்திரி கை அசையவில்லை என்று அழுகிறவர்களைத் தேற்ற, துணைக்கு வந்த பெரியவர்கள் செய்வது வெந்நீர் ஒத்தடம். வேண்டவே வேண்டாம். மரத்த கைக்குச் சூடு தெரியாது; தோல் வெந்தபிறகுதான் தெரியவரும். கையைத் தூளியிலேயே வைத்து, கைக்குக் கீழே தலையணை கொடுங்கள். விரல் நுனியில் குறுகுறுப்பு வந்ததுமே, வலி வரட்டும் என்று காத்திராமல், டாக்டர் எழுதித்தந்த வலி மாத்திரையைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். மறுநாளும் கை அப்படியே கிடந்தால் மயக்க டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.