ஊர்க் கூட்டத்தில் அவர்களுடைய குரலும்

பக்கவாதம், தண்டுவடக் காயம் முதலியவற்றுக்குப் பின் வீடு திரும்புவோருக்கு மருந்துச் சீட்டுடன் உடற்பயிற்சி முறைகளையும் எழுதித் தருகிறோம். ஆனால் அவருடைய தெருவும் பேருந்து நிறுத்தமும் ரேஷன் கடைப் படியும் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை எந்தச் சீட்டிலும் எங்களால் எழுத இயலாது. அவை ஊர்க் கூட்டங்களில் முடிவாகின்றன. அங்கே அவர் இருக்கிறாரா?

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது தண்டுவடத்தில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தார். 1981இல் அவர் தொடங்கிய அமைப்புக்கு, தமக்குச் சிகிச்சை அளித்த படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் நினைவாக அமர் சேவா சங்கம் என்று பெயரிட்டார். (மருத்துவருக்கு இதனினும் பெரிய விருது உண்டோ!) பின்னர், தசைச்சிதைவு நோயுடைய பட்டயக் கணக்கர் எஸ். சங்கரராமனும் உடன் இணைந்தார். உதவி பெறுவோராகவே உலகம் எண்ணியவர்கள் அங்கே திட்டம் வகுத்தார்கள். 2020இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத்திருத்தங்களைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025இல் நிறைவேற்றியது. நல்ல தொடக்கமே. எனினும் ஒருவர் எல்லோருக்காகவும் பேசிவிட முடியாது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிடுகிறது. அவற்றின் தேவைகள் ஒன்றோடொன்று மோதவும் செய்யும். நடைபாதை விளிம்பைச் சாய்தளமாக்கினால் சக்கர நாற்காலிக்கு எளிது. ஆனால் விளிம்பைக் கோலால் தட்டி அறியும் பார்வையற்றவர், அது மறைந்தால் சாலைக்குள்ளேயே இறங்கிவிடுவார். ஆகவே புடைப்புப் புள்ளிக் கல்லும் சேர்த்துப் பதிக்க வேண்டும். இருவரையும் கேட்டால்தான் இது விளங்கும்.

சிற்றூராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடும். குற்றாலம், ஆய்க்குடி போன்ற பேரூராட்சிகளில் வசிப்போர் வார்டு உறுப்பினரிடம் எழுத்து மூலம் மனு அளிக்கலாம்.

உடன் செல்லும் உறவினருக்குச் சில சொற்கள். எங்கள் புறநோயாளிப் பிரிவில் நோயாளியைக் கேட்டால் மகன் விடை கூறுவது அன்றாடக் காட்சி. பக்கவாதத்தால் பேச்சு தடைபட்ட பலருக்கு அறிவு மங்குவதில்லை. ஆம், இல்லை என விடையளிக்கக்கூடிய கேள்வியாகக் கேட்டு, பத்து நொடியேனும் காத்திருங்கள். கருத்தை முன்னரே எழுதி எடுத்துச் செல்வது நலம். கூட்டம் நீளுமாயின், சக்கர நாற்காலியில் இருப்பவர் 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை உடலைச் சாய்த்தோ உயர்த்தியோ எடையை மாற்றிக்கொள்ள உதவுங்கள். இல்லையேல் அழுத்தப் புண் தோன்றும். கழிப்பறைக்கு வழி உண்டா என்பதை முந்தைய நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். அவ்வசதி இல்லையெனில், கூட்டத்தில் முதலில் எழுப்ப வேண்டிய கோரிக்கை அதுவே.