ஆயர் வழிபாட்டு நூல்களின் இலத்தீன் பெயர்களும் தமிழாக்கச் சிக்கல்களும் – தென்காசி வட்டார வழக்கை முன்வைத்து

முன்னுரை

தென்காசி மாவட்டத்து அச்சன்புதூரும் அதன் சுற்றுப்புறமும் கத்தோலிக்கத் திருச்சபையின் ஆட்சியமைப்பில் பாளையங்கோட்டை மறைமாவட்டத்தின் எல்லைக்குள் அடங்குவன. அம்மறைமாவட்டம் மதுரை உயர்மறைமாவட்டத்திலிருந்து 1973ஆம் ஆண்டு பிரித்து நிறுவப்பட்டது. இத்தகைய சிற்றூர்ப் பகுதிகளில் மக்கள் ஆயரை வழிபாட்டில் காண்பது பெரும்பாலும் உறுதிபூசுதலின்போதும் புதிய கோவிலை நேர்ந்தளிக்கும்போதும் மட்டுமே. புனித வாரத்தில் ஆயர் மந்திரிக்கும் எண்ணெய்கள் பங்குதோறும் வந்து சேர்கின்றன. அவற்றை மந்திரிக்க அவர் கையாளும் நூல் வருவதில்லை. குருவின் கையிலுள்ள நூல் 'பூசைப் புத்தகம்' என்றும் பின்னர்த் 'திருப்பலிப் புத்தகம்' என்றும் மக்கள் நாவில் நிலைபெற்றிருக்க, ஆயருக்கே உரிய நூல்கள் பொதுவழக்கில் பெயரின்றி நிற்பதற்கு இதுவே காரணம் எனலாம்.

பெயரில்லாத நூலை அட்டவணைப்படுத்தும் நூலகரும் அகராதி செய்வோரும் இலத்தீன் தலைப்பைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்க முற்படுவர். அவ்வாறு செய்யின் நேரக்கூடிய பிழைகளையும், அவற்றிற்குத் தமிழ் இலக்கணம் தரும் தீர்வையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பொந்திஃபிகாலே எனும் சொல்

ஆயருக்குரிய முதன்மை நூல் 'பொந்திஃபிகாலே ரோமானும்'. 'பொந்திஃபெக்ஸ்' என்பது பண்டைய உரோமைச் சமயக் குருக்குழுவினரின் பட்டம். 'பாலம்', 'செய்தல்' எனப் பொருள்படும் இரு சொற்களின் சேர்க்கையாக இதனை வார்ரோ விளக்கினார். கிறித்தவ இலத்தீன் இதனை ஆயர் எவர்க்கும் உரிய சொல்லாக ஏற்றது. இன்று செய்தி வழக்கில் இச்சொல் திருத்தந்தையோடு பிணைந்துவிட்டமையால், பொந்திஃபிகாலேயைத் 'திருத்தந்தை நூல்' எனப் பெயர்க்கும் பிழை எளிதில் நேரும். அந்நூலோ மறைமாவட்ட ஆயர் ஒவ்வொருவரும் கையாள்வது.

குழப்பத்தை மிகுவிக்கும் வேறிரு சொற்களும் உள. 'லீபெர் பொந்திஃபிகாலிஸ்' என்பது திருத்தந்தையரின் வாழ்க்கை வரலாற்றுத் தொகுப்பு. அது வழிபாட்டு நூலன்று. 'பொந்திஃபிகாலியா' என்பது தலைச்சீரா, செங்கோல், மோதிரம் முதலிய ஆயர் அணிகலன்களைச் சுட்டும். அது நூலே அன்று. ஈற்றெழுத்துகளை நோக்காது பகுதியை மட்டும் பற்றிப் பொருள் கொண்டால் ஒரு சடங்கு நூலும் ஒரு வரலாற்று நூலும் சில அணிகலன்களும் ஒரே தமிழ்ப் பெயரைப் பெற்றுவிடும்.

பத்தாம் நூற்றாண்டில் மாயின்ஸ் நகரோடு தொடர்புடைய தொகுப்பும், பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மாந்து ஆயர் தியுராந்து செய்த தொகுப்பும் இந்நூலின் வளர்ச்சியில் குறிப்பிடத்தக்கன. 1485இல் உரோமையில் முதன்முதலாக அச்சேறியது. எட்டாம் கிளமெந்து 1596இல் இதனை இலத்தீன் திருச்சபை முழுமைக்கும் பொதுவாக்கினார். அப்பதிப்பு ஆள்களைத் திருநிலைப்படுத்துதல், இடங்களையும் பொருள்களையும் நேர்ந்தளித்தல், பிற திருச்சபை நிகழ்வுகள் என மூன்று பகுதிகளாக அமைந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் இது தனித்தனிச் சடங்குமுறைகளாக வெளிவந்தது: திருநிலைப்பாடு 1968, உறுதிபூசுதல் 1971, கோவில் நேர்ந்தளிப்பு 1977. ஆகவே பொந்திஃபிகாலே என்பது இன்று ஒரு தனிநூலின் பெயர் என்பதைவிட ஒரு நூல்வரிசையின் பெயர் என்பதே பொருந்தும்.

ஆயர் நூல்: தொகையும் விரியும்

இலத்தீனில் மிஸ்ஸாலே, ரித்துவாலே, பொந்திஃபிகாலே ஆகியவை அஃறிணைப் பாலில் நின்று பெயராகிவிட்ட பெயரடைகள். தமிழில் 'நூல்' எனும் நிலைமொழியோ வருமொழியோ இன்றி இப்பொருள் பிறவாது. 'ஆயர் நூல்' எனத் தொகையாக்கினால் ஆயரது நூல், ஆயர் இயற்றிய நூல், ஆயரைப் பற்றிய நூல் என மூவகையாக விரிக்க இடமுண்டு. இலத்தீன் ஈறு இம்மயக்கத்திற்கு இடந்தராது. 'ஆயர் வழிபாட்டு நூல்' என ஒரு சொல்லை இடையிட்டால் மயக்கம் பெரும்பாலும் நீங்கும்.

'ஆயர்' எனும் சொல்லுக்கும் வரலாறு உண்டு. முன்னைய கத்தோலிக்க வழக்கு 'மேற்றிராணியார்'. சுரியானி மொழிச் சொல்லொன்று மலையாளத்தில் 'மெத்ரான்' ஆகி, மலைக் கணவாய்களுக்கு இப்பாலும் வழங்கியதன் தமிழ் வடிவம் அது. எல்லையோர வட்டாரமான தென்காசியில் இத்தொடர்பு வியப்பன்று. சீர்திருத்தத் திருச்சபையார் 'அத்தியட்சர்' என்றனர்; பழைய விவிலிய மொழிபெயர்ப்பு 'கண்காணி' என்றது. 'மேற்பார்வையாளர்' எனும் கிரேக்க மூலப்பொருளுக்கு இவ்விரண்டுமே நெருக்கமானவை. முல்லைத்திணையின் மாடு மேய்ப்போரைக் குறித்த 'ஆயர்' ஆட்டு மந்தையின் மேய்ப்பரைக் குறிக்க வந்தமை பொருள் சற்று நெகிழ்ந்த, ஆயினும் அழகிய ஆக்கம். சிக்கல் வேறிடத்தில் உள்ளது. கத்தோலிக்கர் 'பேராயர்' எனில் அது உயர்மறைமாவட்டத் தலைவரைக் குறிக்கும். தென்னிந்தியத் திருச்சபையில் அதே சொல் மறைமாவட்டத் தலைவர் எவரையும் குறிக்கும். இரு சபையாரும் அருகருகே வாழும் நெல்லை, தென்காசி மாவட்டங்களில் 'பேராயர் நூல்' என்ற தலைப்பு தெளிவு தராது.

ஒருமையும் உயர்வுப்பன்மையும்

திருநிலைப்பாட்டு நூலின் 1968ஆம் ஆண்டுத் தலைப்பு திருத்தொண்டர், குரு, ஆயர் என ஏறுவரிசையில் மூவரையும் ஒருமையில் சொன்னது. 1990இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பு வரிசையைத் திருப்பி ஆயரை முதலில் வைத்தது. 'எபிஸ்கோப்பி' என ஆயரை ஒருமையிலும் ஏனைய இருவரைப் பன்மையிலும் குறித்தது. ஆயர்நிலையே குருத்துவத்தின் முழுமை என்ற சங்கப் போதனையின் சாயல் அவ்வரிசையில் உண்டு. இவ்வேறுபாட்டை இரு சொற்களால் காட்டுவது தமிழில் கடினம். 'ஆயர்' என்பது உயர்வுப்பன்மையாக ஒருவரையும் குறிக்கும். 'குருக்கள்' என்பது கத்தோலிக்கரிடையே பலரைக் குறிப்பினும் சைவ வழக்கில் ஒருவரையே மரியாதையாகக் குறிக்கும். 'ஓர் ஆயரின், குருக்கள் பலரின்' என எண்ணுப்பெயர் சேர்த்தால்தான் மூலத்தின் ஒருமை பன்மை விளங்கும். அது தலைப்பிற்குச் சுமையே எனினும், பொருளிழப்பினும் சுமை மேல்.

சடங்கு எனும் சொல்லின் தடை

1600இல் வெளிவந்து 1984இல் புதுப்பிக்கப்பட்ட 'செரெமோனியாலே எபிஸ்கோப்போரும்' மன்றாட்டு நூலன்று. ஆயர் எங்கு நிற்பது, எப்போது தலைச்சீராவைக் கழற்றுவது, திருப்பணியாளர் எவ்வரிசையில் செல்வது என்பனவற்றை உரைக்கும் நடைமுறை நூல் அது. ஆயரைவிட அவர்தம் வழிபாட்டு நெறியாளர்க்கே மிகுதியும் பயன்படுவது. இதனை 'ஆயர் சடங்கு நூல்' எனப் பெயர்ப்பது அகராதி நோக்கில் சரியே. ஆனால் தென்மாவட்ட வழக்கில் 'சடங்கு' என்றாலே பூப்பு நீராட்டு விழா. 'ஆயர் சடங்குக்கு வந்தார்' என்றால் தென்காசிப் பக்கத்துக் கேட்போர் முதலில் கொள்ளும் பொருள் வேறு. எனவே 'ஆயர் வழிபாட்டு நடைமுறை நூல்' என்பதே இந்நூலுக்குத் தக்க பெயர். பொந்திஃபிகாலேக்கு 'ஆயர் வழிபாட்டு நூல்' என்பதை வரிசைப் பெயராக வைத்து, அதன்கீழ் ஒவ்வொரு நூலின் தனிப்பெயரையும் தரலாம். இலத்தீன் தலைப்பைத் தமிழ் எழுத்தில் உடன் எழுதுவதும் வேண்டும். இல்லையேல் 1596ஆம் ஆண்டு நூலைத் தேடி வருபவர் கையில் திருத்தந்தையர் வரலாறு அமர்ந்துவிடும்.