அரசியல் சட்டத் திருத்தமும் நீதிமன்றமும்

கேள்வி: மக்கள் தேர்ந்தெடுத்த பாராளுமன்றம் நிறைவேற்றிய அரசியல் சட்டத் திருத்தத்தை நீதிபதிகள் ரத்துச் செய்வது ஜனநாயக விரோதமல்லவா?

பதில்: ஐயம் நியாயமானதே; 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கை விசாரித்த 13 நீதிபதிகளுள்ளும் திருத்தும் அதிகாரத்துக்கு வரம்புண்டா என்ற கேள்வியில் 7 பேர் ஒரு பக்கமும் 6 பேர் மறுபக்கமும் நின்றார்கள். ஆயினும், அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாதென்று தீர்ப்பளித்த பின்னர், பிரதம மந்திரியின் தேர்தலை எந்த நீதிமன்றமும் விசாரிக்கலாகாதென்று, எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையிலிருந்த 1975-இல், 39-ஆவது திருத்தம் அவசர அவசரமாக நிறைவேறியபோது, அந்த ஷரத்தை ரத்துச் செய்ய சுப்ரீம் கோர்ட்டுக்குத் துணைநின்றது, சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கலாகாது என்று அவ்வழக்கில் பெரும்பான்மையோர் வகுத்த சித்தாந்தமே. ஆகவே நீதிமன்றத்துக்கு ரத்துச் செய்யும் அதிகாரம் அவசியம் என்பதே என் திடமான அபிப்பிராயம். ஆனால், 2015-இல் நீதிபதிகள் நியமனக் கமிஷனையும் அதே சித்தாந்தத்தால் ரத்துச் செய்த நீதிமன்றம், தானே பரிந்துரைக்கும் நியமனங்களின் காரணங்களைப் பிரஜைகளுக்கு முழுமையாக விளக்காதிருப்பது எனக்குச் சற்றும் சம்மதமன்று.